கேட்டல் என்னும் அறம்

அன்பும் கட்டளையும் ஓரிடத்தில் நிற்க இயலுமா என்பது அறவியலில் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. அன்பு செலுத்துமாறு ஆணையிட்டு ஒருவர் உள்ளத்தில் அன்பை வரவழைத்தல் அரிது. ஆணைக்கு அஞ்சிச் செய்யப்படும் செயலை அன்பு என்று அழைத்தலும் பொருந்தாது. ஆசிரியர் வகுப்பின் வாயிலில் நிற்கும்போது அமைதியாய் இருக்கும் மாணவர், அவர் தலை மறைந்ததும் ஆரவாரம் செய்வாராயின், முன்னிருந்த அமைதி ஒழுக்கமன்று, அச்சமே. ஒழுக்கம் என்பது ஆசிரியர் அகன்ற பின்னும் எஞ்சி நிற்பது. பள்ளிக்கூடத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை இறைவழிபாட்டிற்கும் பொருந்துமா? இறைவனின் சொல்லுக்குப் பணிந்து நடத்தல் அடிமைத்தனமா, அன்பா? பணிந்து நடக்கக் கற்றவன், வேண்டுதல் என்று இறைவன் முன் கையேந்தி நிற்பது ஏன்?

இவ்வினாக்களை விடாது எழுப்பும் பழம்பாடல் ஒன்று எபிரேய மொழியில் உண்டு. யூதரும் கிறித்தவரும் போற்றும் திருமறையின் 150 சங்கீதங்களுள் 119ஆம் சங்கீதம் அது. சங்கீதங்கள் யாவற்றுள்ளும் நீண்டது. 176 அடிகளை உடையது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடலாகவே அது தோன்றும். இறைவனின் சட்டம் நல்லது, அதை நான் விரும்புகிறேன் என்பதன்றி அதில் வேறென்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். ஆயினும், கேட்டு நிறுத்திவிடாமல் அமர்ந்து படிப்பவருக்கு அதனுள் ஒரு மனிதனின் வாழ்நாள் போராட்டம் புலப்படும்.

எழுத்து முறையும் இதய முறையும்

இப்பாடலின் கட்டமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உண்டு. பாடலும் 22 பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் எட்டு அடிகள் கொண்டு அமைந்துள்ளது. முதற்பகுதியின் எட்டு அடிகளும் 'ஆலெப்' என்னும் முதலெழுத்தில் தொடங்கும். அடுத்த எட்டும் இரண்டாம் எழுத்தில் தொடங்கும். இவ்வாறு 'தாவ்' என்னும் இறுதி எழுத்துவரை ஓர் ஒழுங்கு தவறாது செல்லும். அகரவரிசையில் அறம் உரைக்கும் ஔவையாரின் ஆத்திசூடியைச் சிறு பருவத்திலேயே மனப்பாடம் செய்த தமிழருக்கு இம்முறை வியப்பளிக்காது. எழுத்தறியும் பருவத்திலேயே அறமும் நெஞ்சில் பதிய வேண்டும் என்று எண்ணிய ஆசான்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கின்றனர்.

இன்னொரு கட்டுப்பாட்டையும் அப்புலவன் தனக்குத்தானே விதித்துக்கொண்டான். சட்டம், சான்று, நியமம், பிரமாணம், கற்பனை, நீதி, வசனம், வாக்கு என்று தமிழில் பெயர்க்கத்தக்க எட்டுச் சொற்களுள் ஏதேனும் ஒன்று ஏறத்தாழ ஒவ்வோர் அடியிலும் வருமாறு பாடினான். எழுத்தின் கட்டு ஒருபுறம். சொல்லின் கட்டு மறுபுறம். இவ்விரு கட்டுகளுக்கிடையே ஒருவன் பாடுவதற்கு மூச்சுவிட இடமேது என்று ஐயுறலாம். ஆனால், அக்கட்டுகளுக்குள் நின்றே அவன் அழுகிறான், மகிழ்கிறான், முறையிடுகிறான், நள்ளிரவில் எழுந்து நன்றி சொல்கிறான். யாப்பறிந்த புலவனுக்குச் சீரும் தளையும் விலங்கல்ல, நடக்கும் பாதை என்பதை அப்பாடலே மெய்ப்பித்துக் காட்டுகிறது. கட்டளையின்கீழ் நடப்பவன் விசாலமான இடத்தில் நடக்கிறான் என்னும் கருத்தை அதன் 45ஆம் அடி உரைக்கிறது. அக்கருத்தைப் பாடல் தன் பொருளால் சொல்வதற்கு முன்னரே தன் வடிவால் சொல்லிவிட்டது எனலாம்.

இனி, பலர் காணத் தவறும் ஒரு செய்தியைக் காண வேண்டும். இப்பாடல் சட்டத்தைப் பற்றிய பாடல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் மூன்று அடிகளைப் பொறுத்தவரை அது சரியே. அவை நன்னெறியில் நடப்போர் பேறுபெற்றோர் எனப் படர்க்கையில் பேசுகின்றன. நான்காம் அடியிலோ பேச்சு திரும்பிவிடுகிறது. அங்கிருந்து முடிவுவரை, தீயோரை நோக்கிக் கூறும் ஓரடி போன்ற விலக்கு நீங்கலாக, ஏறத்தாழ எல்லா அடிகளும் இறைவனை முன்னிலைப்படுத்தி உரைக்கப்படுபவை. சட்டம் பற்றிய பாடல் எனத் தொடங்கியது, சட்டம் தந்தவனோடு பேசும் பேச்சாக மாறிவிட்டது. அது சட்டநூல் அன்று, வேண்டுதல். விதிகளைக் கற்றவனின் பெருமிதத்தைக் காட்டிலும் விதி தந்தவனைத் தேடுபவனின் ஏக்கமே அதில் மிகுதி.

அறிந்தவன் ஏன் கேட்கிறான்?

இங்கேதான் சிக்கல் எழுகிறது. இறைவனின் சட்டத்தை இரவும் பகலும் தியானிப்பவன், அதை இதயத்தில் வைத்துக் காப்பவன், தன் ஆசிரியர் அனைவரினும் அறிவு பெற்றதாகக் கூறத் துணிபவன், மீண்டும் மீண்டும் தனக்குக் கற்றுத்தருமாறு மன்றாடுகிறான். கண்களைத் திறந்தருளுமாறும் உணர்வைத் தருமாறும் வேண்டுகிறான். அறிந்தவனுக்கு மீண்டும் கற்பிப்பது எதற்காக?

ஆசிரியப் பணியில் உள்ளோர்க்கு இவ்வினாவின் விடை எளிதில் விளங்கும். பொய் சொல்லலாகாது என்னும் விதியை அறியாத மாணவன் எந்தப் பள்ளியிலும் இல்லை. தேர்வில் அதைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறுவான். ஆனால், நண்பன் செய்த குற்றத்தைப் பற்றி ஆசிரியர் வினவும் அந்த ஒரு நொடியில், வாய் உண்மை சொல்லுமா, பொய் சொல்லுமா என்பது தேர்வுத்தாளில் இல்லாத பாடம். விதியை அறிதல் வேறு; விதி தன்னை அறிந்துகொள்ள இடங்கொடுத்தல் வேறு. முன்னது நினைவாற்றலின் பணி. பின்னது உள்ளம் மாறும் பணி. தன் உள்ளத்தைத் தானே மாற்றிக்கொள்ள இயலாது என்று உணர்ந்தவனே அம்மாற்றத்தை வேண்டிக் கேட்பான். ஆதலால், வேண்டுதலும் பணிதலும் இருவேறு கடமைகள் அல்ல. பணிய விரும்பியும் பணிய இயலாமல் தவிப்பவனின் நேர்மையே வேண்டுதல் ஆகிறது. தன் உள்ளம் பொருளாசையின் பக்கம் சாயாதிருக்கச் செய்யுமாறு அப்புலவன் கேட்பதும், தன் கண்கள் வீணானவற்றைப் பாராதபடி திருப்புமாறு கேட்பதும் இத்தன்மையவை. பொருளாசையின் ஈர்ப்பை அறியாதவன் அப்படிக் கேட்கமாட்டான்.

பாடலின் கடைசி அடி இதற்கு முத்திரை வைக்கிறது. 175 அடிகள் சட்டத்தின்மேல் தனக்குள்ள அன்பைப் பாடியவன், 176ஆம் அடியில் தான் வழிதவறிய ஆடு என்று சொல்லி, தன்னைத் தேடி வருமாறு கேட்டு முடிக்கிறான். முறைப்படி பார்த்தால் இது முதலில் வர வேண்டிய அடி. வழிதவறினேன், தேடிக் கண்டாய், சட்டம் தந்தாய், நடந்தேன் என்று முடிந்திருந்தால் அது வெற்றிக்கதை ஆகியிருக்கும். புலவன் அப்படி முடிக்கவில்லை. நீண்ட வழிபாட்டின் முடிவில் எஞ்சுவது தகுதிச் சான்றிதழ் அன்று, தன்னைப் பற்றிய உண்மை என்று காட்டி நிறுத்தினான். தன் பணிவைத் தானே மெச்சிக்கொள்பவன் அந்தக் கடைசி அடியை இன்னும் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஒரு சொல்லின் நான்கு பொருள்

எபிரேய மொழியில் 'ஷமா' என்னும் வினைச்சொல் செவிகொடுத்தலையும் குறிக்கும். சொன்னபடி நடத்தலையும் குறிக்கும். செவியில் விழுந்தும் செயலில் இறங்காத சொல், அம்மொழியின் மனப்பாங்கில் முழுமையாகக் கேட்கப்படாத சொல்லே. இலத்தீன் மொழியிலும் பணிதலைக் குறிக்கும் சொல் கேட்டலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது.

தமிழில் இவ்வுறவு இன்னும் நெருக்கமானது. கேள் என்னும் சொல் செவிகொடு என்னும் பொருள் தருகிறது. வேண்டிப் பெறு என்னும் பொருளும் அதற்குண்டு. சொன்னபடி நட என்பதையும் அதே சொல் குறிக்கிறது. சொன்னால் கேட்காத பிள்ளை என்று தாய் நொந்துகொள்ளும்போது அவள் குறிப்பது செவிட்டுத்தன்மையை அன்று. இவற்றுக்கு மேலாக, கேள் என்னும் பெயர்ச்சொல்லுக்கு உறவு என்றும் நட்பு என்றும் பொருள் கூறுவர். சங்கப் பாடல்களில் உறவினரைக் கேளிர் என்று அழைத்தனர். செவிகொடுத்தல், வேண்டுதல், பணிதல், உறவாதல் ஆகிய நான்கும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. சொற்பிறப்பை வைத்து இறைக்கோட்பாட்டை நிறுவிவிட முடியாது என்பது உண்மையே. எனினும், 119ஆம் சங்கீதத்தின் சாரத்தை ஒரே சொல்லில் கூறுக என்று ஒரு மாணவனைக் கேட்டால், கேள் என்று அவன் விடையெழுதினால் அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

அச்சொற்கள் தமிழுக்கு வந்த வரலாறும் கேட்டலின் வரலாறே ஆகும். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, முதியதொரு தமிழாசிரியரின் திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். அவர் பழைய ஏற்பாட்டில் ரூத்தின் வரலாறுவரை பெயர்த்து 1719இல் மறைந்தார். பணியைத் தொடர்ந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் காலத்தில், 1728இல் பழைய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறி முடிந்தது. இறைவனின் சொல் என்று தாம் நம்பியதைச் சொல்வதற்கு முன், சிறுவர் சொன்ன சொல்லை அவர் கேட்க வேண்டியிருந்தது.

பணிவின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு

இதுவரை கூறியவற்றைக் கேட்கும் சிந்தனையாளர் ஒருவர் கடுமையான மறுப்பொன்றை முன்வைக்கக்கூடும். பணிவைப் புகழ்தல் ஆபத்தானது என்பதே அம்மறுப்பு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

செருமானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், புறத்தேயிருந்து வரும் ஆணைக்கு அஞ்சியோ பயன் கருதியோ செய்யப்படும் செயலுக்கு உண்மையான அறமதிப்பு இல்லை என வாதிட்டார். மனிதன் தன் பகுத்தறிவால் தனக்குத்தானே விதிக்கும் சட்டமே அறச்சட்டம் என்பது அவர் கொள்கை. இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் இவ்வையத்தை மேலும் கூர்மையாக்கின. இலட்சக்கணக்கான யூதர்களைக் கொலைக்களங்களுக்கு அனுப்பும் பணியை ஒழுங்குபடுத்திய அடால்ஃப் ஐக்மன், 1961இல் எருசலேமில் நடந்த வழக்கு விசாரணையில், தாம் மேலிடத்து ஆணைக்குப் பணிந்தவரே என்று கூறித் தம்மைக் காத்துக்கொள்ள முயன்றார். அதே ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தம் ஆய்வைத் தொடங்கினார். அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லுந்தோறும் மின்னதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே செல்லுமாறு ஆய்வாளர் பணித்தார். மின்னதிர்ச்சி உண்மையில் தரப்படவில்லை; அது பங்கேற்றோருக்குத் தெரியாது. 1963இல் வெளியான அறிக்கையின்படி, 40 பேரில் 26 பேர் மிக உயர்ந்த 450 வோல்ட் அளவுவரை சென்றனர். அவர்கள் கொடியவர் அல்லர். நம் அண்டை வீட்டாரைப் போன்றவர்கள். சொன்னபடி கேட்டார்கள். அவ்வளவே.

இந்நிலையில், கேட்டல் அறம் என்று கூறுவது பொறுப்பற்ற பேச்சன்றோ? பிள்ளைகளுக்குப் பணிவைக் கற்பிக்கும் பள்ளிகளும் கோயில்களும் நாளைய ஐக்மன்களை உருவாக்குகின்றனவா?

இதற்கு விடை காண, ஐக்மனின் வழக்கில் வெளிப்பட்ட இன்னொரு செய்தியைக் கருத வேண்டும். தாம் காண்டின் கடமைக் கொள்கைப்படியே வாழ முயன்றதாக அவரே கூறினார். காண்ட் கற்பித்தது அதுவன்று; தம் அறிவைப் பிறனிடம் ஒப்படைப்பதை அந்த ஞானி ஒருபோதும் ஏற்றிரார். ஆயினும், இதனால் ஓர் உண்மை விளங்குகிறது. இறைவனின் சட்டத்தைத் திரித்துக்கொள்ளக்கூடிய மனித மனம், பகுத்தறிவின் சட்டத்தையும் திரித்துக்கொள்ளும். சட்டத்தின் பெயர் மாறுவதால் மட்டும் ஆபத்து நீங்குவதில்லை. எத்தகைய பணிவு என்பதே வினா.

இருவகைப் பணிவு

சங்கீதங்கள் காட்டும் பணிவுக்கும் மில்கிராமின் அறையில் காணப்பட்ட பணிவுக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு.

முதலாவது, அடிமைப் பணிவு கேள்வி கேட்பதில்லை. சங்கீதங்களோ கேள்விகளால் நிறைந்தவை. எத்தனைக் காலம் மறந்திருப்பாய் என்னும் முறையீடு 13ஆம் சங்கீதத்தில் உண்டு. 44ஆம் சங்கீதம் இறைவன் உறங்குகிறானோ என்று கேட்கும் அளவிற்குச் செல்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலின்றி இருளிலேயே முடிகிறது. இவற்றை வழிபாட்டு நூலிலிருந்து நீக்கிவிடாமல் போற்றிக் காத்த மக்கள், கேள்வி கேட்டலும் பக்தியின் ஒரு பகுதி என்று அறிந்திருந்தனர். முறையிட உரிமையுள்ள இடத்தில் பணிவது உறவு. முறையிட வாயில்லாத இடத்தில் பணிவதே அடிமைத்தனம்.

இரண்டாவது, அடிமைப் பணிவு பொறுப்பை மேலிடத்திற்கு மாற்றிவிடும். சங்கீதங்களின் பணிவு பொறுப்பைப் பணிபவன் தலையிலேயே சுமத்துகிறது. இறைவனின் இல்லத்தில் தங்கத் தகுதியுடையவன் யார் என்று வினவும் 15ஆம் சங்கீதம், சடங்குகளை அடுக்கவில்லை. நாவினால் பழி தூற்றாதவன், தனக்கு நட்டம் வந்தாலும் வாக்கு மாறாதவன், வட்டி வாங்காதவன், குற்றமற்றவனுக்கு எதிராகக் கைக்கூலி பெறாதவன் என்று அண்டை வீட்டாரோடும் ஏழையோடும் நடந்துகொள்ளும் முறையையே பட்டியலிடுகிறது. 50ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. வாயில் சட்டத்தை ஓதிக்கொண்டே திருடனோடு கூட்டுச் சேர்பவனுக்கு அச்சட்டத்தை உச்சரிக்க உரிமையில்லை என்பது அதன் கருத்து. ஓதுதல் பணிதலுக்கு ஈடாகாது.

மூன்றாவது, அடிமைப் பணிவில் மேலதிகாரியின் சொல்லே கடைசிச் சொல். சங்கீதங்களின் பணிவில் எந்த மனித அதிகாரியின் சொல்லும் கடைசிச் சொல் அன்று. பிரபுக்கள் காரணமின்றித் துன்புறுத்தினும் தான் அஞ்சுவது இறைச்சொல்லுக்கே என்று 119ஆம் சங்கீதத்தின் புலவன் உரைக்கிறான். அரசர் முன்னும் வெட்கமின்றி அச்சொல்லைப் பேசுவதாகவும் கூறுகிறான். 1530இல் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் முன் தங்கள் நம்பிக்கை அறிக்கையை அளித்த லூத்தரன் சபையார் அந்த 46ஆம் அடியையே அதன் முகப்பில் பொறித்தனர். மேலான ஒன்றுக்குப் பணிந்தவனுக்கே கீழான ஆணைகளை மறுக்கும் துணிவு பிறக்கிறது.

ஒரு வாழ்வின் சான்று

இது வெறும் வாதமன்று என்பதற்குத் தீத்ரிக் போன்ஹாஃபர் என்னும் செருமானியக் குருவின் வாழ்வு சான்று. 1935இல் ஃபிங்கன்வால்டில் அவர் பொறுப்பேற்று நடத்திய குருமாணவர் பயிற்சியகத்தில், ஒவ்வொரு நாள் காலையிலும் அரைமணி நேரம் மறைநூலின் ஒரு சிறு பகுதியை மௌனமாகத் தியானித்தல் கட்டாயமாக இருந்தது. நாடு கொந்தளிக்கும்போது மௌனமாக அமர்வது தப்பியோடுதல் என்று எள்ளியோரும் உண்டு. இரகசியக் காவல்துறை 1937இல் அப்பயிற்சியகத்தை மூடியது. 1938 நவம்பர் 9ஆம் நாளிரவில் செருமனியெங்கும் யூதத் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. போன்ஹாஃபர் தம் மறைநூலைத் திறந்து, பகைவர் நாட்டிலுள்ள வழிபாட்டிடங்களை எரித்ததைப் பற்றி அழும் 74ஆம் சங்கீதத்தின் அடிக்கு அருகே அந்நாளின் தேதியைக் குறித்துவைத்தார். பழம்பாடலின் கண்ணீரை அன்றைய தெருவில் அவர் கேட்டார். அண்டை வீட்டு யூதரின் துன்பம் தம் வேண்டுதலுக்கு அப்பாற்பட்டதன்று என்று அச்சிறு குறிப்பு உணர்த்தியது.

1939இல் அமெரிக்காவில் பாதுகாப்பாகத் தங்கும் வாய்ப்புக் கிட்டியும், சில வாரங்களிலேயே தாயகம் திரும்பினார். அக்காலத்தில் 119ஆம் சங்கீதத்திற்கு ஒரு தியான விளக்கம் எழுதத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. சங்கீதங்களை வேண்டுதல் நூலாக விளக்கும் சிறு நூலொன்றை 1940இல் வெளியிட்டார். கொடுங்கோன்மையை வீழ்த்த முயன்றோருடன் சேர்ந்தார். 1943 ஏப்ரலில் சிறைப்பட்டார். சிறையிலும் நாள்தோறும் சங்கீதங்களைப் படித்துவந்தார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃபிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். போர் முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதமே எஞ்சியிருந்தது.

ஐக்மனும் போன்ஹாஃபரும் 1906ஆம் ஆண்டில் ஒரே நாட்டில் பிறந்தவர்கள். இருவருமே பணிவைப் பற்றிப் பேசினர். ஒருவர் பணிவு எந்தக் கேள்வியும் கேளாமல் இரயில் வண்டிகளை அனுப்பியது. மற்றவர் பணிவு ஒவ்வொரு காலையும் செவிகொடுத்துக் கேட்டது, கேட்டதனால் மறுத்தது, மறுத்ததனால் மடிந்தது. தம் செயலில் குற்றக்கறையே படியாது என்று போன்ஹாஃபர் எண்ணவுமில்லை. சதியில் பங்கேற்பதன் பழியையும் தாமே ஏற்று, தீர்ப்பை இறைவனிடம் விட்டார். தன்னை நல்லவன் என்று நிலைநாட்டிக்கொள்ளாத இந்நிலை, வழிதவறிய ஆடென்று முடியும் அக்கடைசி அடியின் மனநிலையே ஆகும்.

கண்ணாடியும் பிரம்பும்

இன்னும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. இறைவனின் சொல் என்று கூறிக்கொண்டே கொடுமை செய்தோரும் வரலாற்றில் உளரன்றோ? உளர். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அடிமை வாணிகத்திற்கு எதிராக நெடுங்காலம் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 119ஆம் சங்கீதத்தை மனப்பாடமாக அறிந்தவர். நடந்து செல்லும்போது அதைச் சொல்லிக்கொண்டே சென்றதை 1819இல் தம் நாட்குறிப்பில் எழுதினார். அவர் பாடுபட்டதால் 1807இல் அடிமை வாணிகம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனால், அடிமைகளை உடைமையாக வைத்திருந்த பண்ணையார் பலர் கையிலும் அதே மறைநூல்தான் இருந்தது. அவர்களும் அதிலிருந்தே தங்களுக்கு நியாயம் தேடினர். நூல் ஒன்று, படித்த முறை வேறு.

அவ்வேறுபாட்டை அறியும் வழியையும் சங்கீதங்களே சுட்டுகின்றன. 139ஆம் சங்கீதத்தின் இறுதிப் பகுதியில், இறைவனின் பகைவரைத் தானும் முழுமையாகப் பகைப்பதாகப் புலவன் கொதிக்கிறான். படிப்பவர் நெஞ்சு நடுங்கும் இடம் அது. ஆனால் அடுத்த அடியிலேயே அவன் பேச்சு திரும்புகிறது. தன்னை ஆராய்ந்து பார்க்குமாறும், தன்னிடம் தீயவழி உண்டோ என்று காணுமாறும் அவன் இறைவனைக் கேட்கிறான். சினத்தின் உச்சியில் நின்றும் தன்னைச் சோதிக்குமாறு கேட்கத் தெரிந்தவனே வேண்டுதலின் பொருளை அறிந்தவன். இறைச்சொல்லைக் கண்ணாடியாகக் கொள்பவன் அதில் தன் முகத்தைக் காண்கிறான். அதைப் பிரம்பாகக் கொள்பவன் பிறர் முதுகைத் தேடுகிறான். வேண்டுதலற்ற பணிவு வெகு விரைவில் பிரம்பாக மாறிவிடும். தன்னைத் திருத்துமாறு கேட்பதை அது நிறுத்திவிட்டதே காரணம்.

பணிவற்ற வேண்டுதலும் அவ்வாறே குறையுடையது. நாள்தோறும் மணிக்கணக்கில் மன்றாடிவிட்டு, கூலியாளின் கூலியைக் குறைத்துக் கொடுப்பவனின் வேண்டுதல் இறைவனை நோக்கிய பேச்சன்று. தன்னையே சமாதானம் செய்துகொள்ளும் பேச்சு. நாளில் ஏழுமுறை இறைவனைப் போற்றுவதாகப் புலவன் கூறியதை முன்மாதிரியாகக் கொண்டு, ஆறாம் நூற்றாண்டில் நர்சியா ஊரினராகிய புனித பெனடிக்ட் தம் துறவியர்க்கு வழிபாட்டு வேளைகளை வகுத்தார். 150 சங்கீதங்களையும் ஒவ்வொரு வாரமும் பாடி முடிக்குமாறு விதித்தார். அதே ஒழுங்குநூலில் உழைப்பையும், விருந்தோம்பலையும், நோயாளியைப் பேணுதலையும் அவர் விதிக்கத் தவறவில்லை. பாடிய வாய்க்கும் பணிசெய்யும் கைக்கும் இடையே தூரம் கூடாதென்பதை அவர் அறிந்திருந்தார்.

அடி வைக்கும் அளவு ஒளி

இறைச்சொல்லைக் கால்களுக்கு விளக்காக உருவகிக்கும் 105ஆம் அடியைப் பலரும் அறிவர். அக்கால விளக்கு உள்ளங்கையில் அடங்கும் மண் அகல். எண்ணெயில் எரியும் சிறு திரி. அதன் ஒளி நெடுந்தொலைவு பாயாது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று காட்டும். அதற்கடுத்த அடியைக் காண வேண்டுமாயின் முதலடியை எடுத்து வைத்தாக வேண்டும். பாதை முழுவதும் தெரிந்த பின்னரே நடப்பேன் என்று நிற்பவனுக்கு அவ்விளக்கால் பயனில்லை. நடப்பவனுக்கே அது ஒளி. வேண்டுதல் விளக்கை ஏந்துதல். பணிதல் அடியெடுத்து வைத்தல். ஏந்தாமல் நடப்பவன் இடறுவான். நடவாமல் ஏந்துபவன் எண்ணெயை வீணாக்குவான்.

ஆகவே, அன்பும் கட்டளையும் ஓரிடத்தில் நிற்குமா என்னும் வினாவிற்கு, நிற்கும் என்றே விடை கூறலாம். கட்டளை இட்டவனோடு பேச முடியுமானால் நிற்கும். பேச்சற்ற கட்டளை அடிமையை உருவாக்கும். கட்டளையற்ற பேச்சு உறுதியற்ற மனிதனை உருவாக்கும். கேட்டுக் கேட்டு நடப்பவன் மகனாகிறான், கேளிராகிறான்.

ஆசிரியர் அகன்ற பின்னும் வகுப்பில் அமைதி நிலைக்குமாயின், அம்மாணவரிடம் ஆசிரியரின் சொல் தங்கிவிட்டது என்று பொருள். அவர்களிலும் ஒருவன் எழுந்து, விளங்காத ஒன்றைக் கேட்பதற்காக ஆசிரியரைத் தேடிச் செல்வானாயின், அவனே நன்மாணவன். 119ஆம் சங்கீதத்தைப் பாடியவன் அத்தகைய மாணவன். நெடுங்கணக்கின் கடைசி எழுத்துவரை பாடம் சொல்லி முடித்த பின்னும், தனக்குப் பாடம் முடியவில்லை என்று அறிந்து, ஆசானைத் தேடி அவன் நிற்கின்றான்.